இளவரசன் வராத கதை

"அழுறாங்க அம்மா. அழுதுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிடுறாங்க" என்றான் தளவாய்.

உலகம்மை தன் ஆற்றங்கரைக் குடிசையின் முன்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தளவாய் அவளைவிட வயதில் மூத்தவன். ஊர் ஊராகப் போய்க் கதை சொல்லிப் பிழைப்பவன். அந்த வித்தையை அவளிடம்தான் கற்றுக்கொண்டான். அதனால் அவளை அம்மா என்றே கூப்பிடுவான்.

யார் அழுகிறார்கள் என்று கேட்டாள்.

நெடுங்கரை ஊர்க்காரர்கள் என்றான். ஜமீன்தார் தன்னுடைய புதுத் தென்னந்தோப்புக்காகக் குளத்து மடையை அடைத்துப் பூட்டுப் போட்டுவிட்டார். கீழே வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. கதிர் வெளிவரப் பொதி கட்டுகிற நேரத்தில் பயிர் கருகுகிறது. தட்டிக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர்களுக்கு ரோஷம் வரட்டும் என்றுதான் தளவாய் அங்கே போய்த் தங்கினான். சாயங்காலம்தோறும் கதை சொன்னான்.

"ஜமீன்தார் ஒண்ணும் சொல்லலையா?"

தளவாய்க்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவரே ஒருநாள் வரவழைத்துக் கேட்டாராம். கேட்டுவிட்டுப் பட்டுச் சால்வை போர்த்தி அனுப்பினாராம்.

கீரை உருவிய கை நின்றது.

"அந்தக் கதையை எனக்குச் சொல்லு."

சொன்னான்.

ஆற்றை மறித்துக்கொண்ட ஒரு ராஜா. தவித்த வாய்க்குத் தண்ணீர் இல்லாத ஜனங்கள். பால் வற்றிப்போன தாயின் மடியில் ஒரு கைக்குழந்தை. உலகம்மை கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் தளவாயின் குரல் ஏறியது. வடக்கே புழுதி கிளம்பிற்று, வெள்ளைக் குதிரைமேல் ஓர் இளவரசன் வந்தான் என்றான்.

உலகம்மை எழுந்தாள். உள்ளே போனாள். பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

"கதை இன்னும் முடியலையே அம்மா."

"அதான் அவன் வந்துட்டானே" என்று கண்ணை மூடிக்கொண்டாள். "இனி நான் எதுக்கு முழிச்சிருக்கணும்?"

தளவாய்க்கு முகம் சுட்டது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டான்.

அன்று சாயங்காலம் நெடுங்கரையில் அதே கதையைச் சொன்னான். ராஜா வந்தான். ஆறு மறிபட்டது. குழந்தை அழுதது. புழுதி மட்டும் கிளம்பவில்லை. தளவாய் அதோடு வாயை மூடிக்கொண்டான்.

இளவரசன் எங்கே என்று கேட்டார்கள். இந்தக் கதையில் அவன் இல்லை என்றான். அப்படியானால் ஆற்றைத் திறந்துவிட்டது யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றான். அழுகிற குழந்தையை அப்படியே விட்டுவிட்டாயே பாவி என்று வைதார்கள். அன்றைக்கு அவனுக்குச் சோறு போட ஆளில்லை.

ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

நாற்று நடும் வேலைக்குப் போகிற முத்துப்பேச்சி எழுந்து நின்றாள்.

"ஏன், அந்த ஊர்ல ஆளே இல்லையா?"

"இருந்தாங்க தாயி. நாத்து நடுறவங்க இருந்தாங்க. கலப்பை பிடிக்கிறவங்க இருந்தாங்க. கொல்லன்கூட ஒருத்தர் இருந்தார்."

கூட்டத்தில் இருந்த கொல்லர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

மறுநாள் காலையில் ஜமீன் ஆட்கள் வந்து தளவாயைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஜமீன்தார் சத்தம் போடவில்லை. நல்ல கதையை இப்படிக் கெடுத்துவிட்டாயே என்று வருத்தப்பட்டார். இன்றைக்குச் சாயங்காலம் இளவரசனை வரவழைத்துவிடு, வேண்டியதைக் கேள் என்றார். மாட்டேன் என்றால் இனிமேல் கதை சொல்ல நாக்கு இருக்காது என்பதையும் அதே குரலில் சொன்னார்.

தளவாய் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் தூண் இருந்தது. சாய்ந்துகொள்ளலாமா என்றிருந்தது. சாயவில்லை.

"அவன் வரமாட்டான். நீங்க சால்வை போர்த்தினப்பவே அவன் யாரோட ஆளுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஜமீன்தார் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அந்நேரம் குளத்துக் காவல்காரன் மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றான். மடைப் பூட்டை உடைத்துவிட்டார்கள், தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது என்றான்.

"எவன் தலைமையில?"

காவல்காரன் குளத்துப் பக்கம் கையைக் காட்டினான்.

"ஊரே நிக்குது எசமான். தலைமைன்னு தனியா யாரும் இல்லை."