ஆட்காட்டி அழைத்த கரை

செவ்வந்தியாறு சின்ன ஆறு. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் அதன் கரையில் பிறந்தவர்கள் பேச ஆரம்பித்தால், கங்கையே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த ஆற்றின் வளைவில் ஒரு துண்டுக் கரையை ஊர் கூடி ஒதுக்கி வைத்திருந்தது. அங்கே மணல் அள்ளக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது, நாணல் அறுக்கக் கூடாது. விடுகரை என்று பெயர். சித்திரை முழுநிலவு அன்று ஊரார் அதன் ஓரத்தில் கூடி, ஆற்றைப் பற்றிப் பாட்டுகள் சொல்லிவிட்டுத் திரும்புவார்கள்.

அந்த வருடம் ஒரு பாட்டைக் கல்லில் வெட்டி விடுகரையில் நடுவது என்று முடிவானது. ஊர் தேர்ந்தெடுத்தது திருவேங்கடத்தின் பாட்டை.

திருவேங்கடம் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டுக் கட்டக் கற்றுக்கொண்டது நல்லம்மையிடம். நல்லம்மைக்கு அவரைவிட வயது நன்றாகவே குறைவு. நரைத்த மாணவர் என்று ஊரில் கேலி செய்வார்கள். அதை அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவருடைய கவலை வேறு. எந்தப் பாட்டைச் சொன்னாலும் நல்லம்மை கடைசிவரை கேட்பார், தலையசைப்பார், "அடுத்தது எழுதுங்க" என்பார். நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கல்லுக்குப் போகிற பாட்டுக்கும் அதையேதான் சொன்னார்.

ஊரே கைதட்டியது. திருவேங்கடத்துக்குத் தூக்கம் வரவில்லை. காகிதமென்றால் கிழித்துப் போடலாம், கல்லை என்ன செய்வது?

விழாவுக்கு முந்தின நாள் காலை. குட்டி யானை வண்டியில் கல் வந்து இறங்கியது. விடுகரைக்குள் வண்டி போகக் கூடாது என்பதால் வெளியிலேயே நின்றது. கூடவே குழந்தைவேல் ஆசாரியும் உளிப்பையோடு வந்திருந்தார். கடைசி வரி மட்டும் இன்னும் வெட்டவில்லை. சிலையை நிறுத்திய பிறகு கண் திறக்கிற மாதிரி, கல்லை நட்ட பிறகுதான் அவர் கடைசி வரியை வெட்டுவார். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

நல்லம்மை வந்ததும் திருவேங்கடம் இனி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"அம்மா, மறைக்காமச் சொல்லுங்க. இந்தப் பாட்டு கல்லுல ஏறலாமா?"

"எங்க நடப் போறீங்க?"

"தண்ணிக்குப் பக்கத்துல. குச்சி ஊனி அடையாளம் வச்சிருக்கேன்."

"பாட்டைச் சொல்லிக்கிட்டே முன்னால நடங்க. நான் பின்னால வர்றேன்."

திருவேங்கடம் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தார். நாணலைத் தாண்டியதும் மணலும் கூழாங்கல்லும் விரிந்தன. அதற்கு அப்பால் கோடையில் மெலிந்த ஆறு வெயிலில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டின் முதல் வரியைச் சொன்னார். எங்கிருந்தோ ஒரு ஆட்காட்டிக் குருவி எழும்பிக் கத்தத் தொடங்கியது.

அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்கம்மா. நான் எப்ப வந்தாலும் இது இப்படித்தான் கூப்பிடும். இங்க குச்சி ஊனின அன்னிக்கு என் தலைக்கு மேலயே சுத்திச் சுத்திக் கூப்பிட்டுது. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. கடைசி வரி அப்பத்தான் வந்துச்சு."

"அந்த வரியைச் சொல்லுங்க."

"வா வா என்றே ஆட்காட்டி வரவேற்கும் கரை."

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ச் சொல்லுங்க."

அவர் குச்சியை நோக்கி நடந்தபடி உரக்கச் சொன்னார். குருவி அதைவிட உரக்கக் கத்தியது. மேலே போய்த் திரும்பி நேராக அவர் முகத்தை நோக்கிப் பாய்ந்தது. அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். துண்டு கீழே விழுந்தது.

எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

குச்சிக்கு ஒரு சாண் தள்ளி, கூழாங்கற்களுக்கு நடுவே, மண் நிறத்தில் கரும்புள்ளி தெளித்த நான்கு கற்கள் கிடந்தன. நான்கும் கூர்முனையை உள்ளே வைத்து ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. கல் அப்படிக் கிடக்காது. முட்டைகள். குச்சியை ஊனிய அன்று தன் கால் எங்கெல்லாம் பட்டிருக்கும் என்று நினைத்ததும் காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கல் நடக் குழி தோண்டியிருந்தால் கடப்பாரை இறங்கியிருக்கும் இடமும் அதுதான்.

நல்லம்மை தள்ளியே நின்றிருந்தார்.

"யாரை வரவேற்குது?" என்று கேட்டார்.

திருவேங்கடம் குச்சியை மெதுவாகப் பிடுங்கினார். குச்சியை மெதுவாகப் பிடுங்கினார்.

"இதை இனி எங்கம்மா ஊனுறது?"

"அதுகிட்டயே கேளுங்க."

அவர் குருவியைப் பார்த்தபடி பின்னால் நகர்ந்தார். அது கத்தியது. இன்னும் நகர்ந்தார். கத்தல் நிற்கவில்லை. மணல் முடிந்தது. நாணலுக்குள் முதுகு உரச நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தார். கத்தல் தணிந்து, விட்டு விட்டுக் கேட்டது. ஒரு புங்கமரம் வரைக்கும் வந்தபோது அடங்கிவிட்டது. இந்நேரம் அது போய் முட்டை மேல் உட்கார்ந்திருக்கும்.

திருவேங்கடம் அங்கே குச்சியை ஊனினார். பிறகு நிமிர்ந்து ஆற்றின் பக்கம் பார்த்தார். நாணல் மட்டும்தான் தெரிந்தது.

ஆசாரியும் ஆட்களும் கல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள். திருவேங்கடத்துக்கு மனசு ஆறவில்லை. தண்ணீரும் வானமும் பின்னால் இருக்க, தன் பாட்டு முன்னால் நிற்பதை எத்தனையோ நாள் கற்பனை செய்து பார்த்தவர் அவர்.

"தப்பாச் சொல்லலம்மா. அந்த இடம் குருவிக்குத்தான். ஆனா இங்கேருந்து ஆறே தெரியலையே. ஆத்தைப் பத்தின பாட்டு இது. படிக்கிறவன் ஆத்தை எங்க போய்ப் பார்ப்பான்?"

"ஆறு தெரியுற இடத்துல பாட்டு எதுக்கு?" என்றார் நல்லம்மை.

திருவேங்கடம் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார். ஆசாரி உளியைத் தீட்டினார். ஆட்கள் தண்ணீர் குடித்துவிட்டு வண்டிக்குத் திரும்பினார்கள். நிழல் நகர்ந்து வெயில் காலில் ஏறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"கடைசி வரி என்னங்கய்யா? பழசேதானா?" என்று ஆசாரி கேட்டார்.

"இல்ல. அதை விட்டுடுங்க."

"வேற?"

திருவேங்கடம் எழுந்து கல்லின் அருகே வந்தார். வெறுமையாக இருந்த இடத்தைக் கையால் தடவினார். யாருக்கோ ரகசியம் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னார்.

"போ என்றது ஆட்காட்டி. போனேன். கூடவே வந்தது ஆறு."

ஆசாரி இடத்தை விரலால் அளந்து பார்த்தார்.

"ரெண்டு வரி நீளம் வருதேய்யா."

"நெருக்கி வெட்டுங்க."

உளிச் சத்தம் எழுந்தது. நாணலுக்கு அப்பாலிருந்து குருவி ஒன்றும் சொல்லவில்லை.

திருவேங்கடம் தன் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் நினைத்தார். கேட்டால் அடுத்தது எழுதச் சொல்வாரோ என்று பயமாக இருந்தது.

நல்லம்மை நாணலையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆறு தெரியுது" என்றார்.