நோட்டீஸில் ஒரு தப்பு

பேரூராட்சிச் சுகாதார அதிகாரி கனகசபை, டெங்கு முகாமுக்குத் தானே ஒரு நோட்டீஸ் எழுதி அச்சடித்தார். வாங்கியவர்கள் படிக்காமல் அதில் பஜ்ஜி மடித்தார்கள்.

"சாயந்திரத்துக்குள்ள ஊரே படிச்சிருக்கணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று துப்புரவுப் பணியாளர் பூங்காவனத்தை விரட்டினார்.

நாலு மணிக்கு ஆபீஸ் வாசலில் ஒரே கூட்டம். ஆளாளுக்கு நோட்டீஸை நீட்டிக் கத்தினார்கள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"தப்பைக் கண்டுபிடிச்சிட்டேன் சார்!" என்றார் டீக்கடைக்காரர். "முகாம் ஜூன் முப்பத்தொண்ணாம் தேதின்னு போட்டிருக்கு. ஜூனுக்கு முப்பது நாள்தானே?"

அதிகாரி திருதிருவென்று முழித்தார். "தப்பு இருக்குன்னு யார் சொன்னது?"

"நான்தாங்க," என்றாள் பூங்காவனம். "கண்டுபிடிங்கன்னு சொல்லித்தான் கொடுத்தேன். எல்லாரும் வரிவரியாப் படிச்சிட்டாங்க."

"தப்பு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. நீங்க எழுதினதுன்னு மட்டும் தெரியும்."