மழை எந்தப் பக்கத்தில் வருகிறது

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆசிரமத்துப் படிப்பகத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர்.

முதலில் குழல்வாய்மொழி அம்மா. ஆசிரமம் அவருடையது. வயது நாற்பத்து நான்கு. அடுத்து அவருடைய சீடர் பரமார்த்தலிங்கம். வயது அறுபத்தாறு. அம்மா அவரை ‘அண்ணாச்சி’ என்பார். அவர் அம்மாவை ‘அம்மா’ என்பார். மூன்றாவது, அறங்காவலர் ஆவுடையப்பன். மீதி ஆறு பேரும் கீழத்தெருவில் பீடி சுற்றும் பெண்கள். ஞாயிறு என்பதால் அவர்களுக்கு விடுமுறை. ஆறு பேரில் அன்று அதிகம் பேசியவர்கள் பாக்கியத்தாய், சண்முகவடிவு, மைதீன் பாத்து என்ற மூவர்தான். மற்ற மூவர் சிரித்ததோடு சரி.

ஒரு பூனையும் இருந்தது. அதைச் சேர்க்கவில்லை.

படிப்பகம் திறந்து மூன்று மாதமாக அங்கே யாரும் வரவில்லை. இருந்ததெல்லாம் கனத்த புத்தகங்கள். அதனால் அம்மா சொல்லி அனுப்பி, ஒரு வீட்டிலிருந்து முப்பத்தெட்டு நாவல்கள் வந்தன. கொஞ்சம் காதல், கொஞ்சம் மர்மம். “இதைப் படிக்கக் கொடுக்கத் தோதாகத் தயார் செய்யுங்க, அண்ணாச்சி” என்று லிங்கத்திடம் ஒப்படைத்தார்.

ஆவுடையப்பனுக்கோ அந்த அறை வேண்டியிருந்தது. பாத்திர அறையில் ஓடு ஒழுகியது. குருபூஜை அண்டாக்கள் நனைந்தன. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆகவே அம்மா ஒரு முடிவு சொன்னார். ஞாயிறு விளக்கு வைப்பதற்குள் நாவல்களில் பாதி வெளியே போனால் அறை படிப்பகமாகவே இருக்கும். போகாவிட்டால் அண்டாக்கள் உள்ளே வரும்.

லிங்கத்துக்கு அது தெரியும். ஆசிரமத்தில் அவர் கைக்கு வந்த முதல் பொறுப்பு அந்த அறை. அதனால் வேலையைப் பழுதில்லாமல் செய்திருந்தார். முப்பத்தெட்டு நாவல்களையும் எழுத்து விடாமல் படித்தார். எல்லாவற்றுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டார். அப்புறம், ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் மையால் உள்ளடக்கம் எழுதினார். அவர் முப்பத்திரண்டு வருடம் ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவர். உள்ளே இருப்பது வெளியே எழுதியிருக்க வேண்டும். அதுதான் அவருக்குத் தெரிந்த நேர்மை.

பாக்கியத்தாய் முதல் புத்தகத்தை எடுத்தாள். திறந்தாள். சத்தமாக வாசித்தாள்.

“உள்ளடக்கம்: கொலை, ஒன்று. செய்தவர் எஸ்டேட் டாக்டர். காரணம் சொத்து. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் பிடிபடுகிறார்.”

பாக்கியத்தாய் நிமிர்ந்தாள்.

“அண்ணாச்சி, இது என்னது?”

“உள்ளே இருப்பது” என்றார் லிங்கம்.

“உள்ளே இருக்கதைத்தான் எல்லாத்தையும் வழிச்சு வெளியே வச்சிட்டீகளே! இனி நான் எதுக்கு உள்ளே போகணும்? டாக்டரைப் பார்த்து சுகமான்னு கேக்கவா?”

மைதீன் பாத்து இன்னொன்றைத் திறந்தாள். “நகை காணாமல் போகிறது. பேய் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். பேய் இல்லை. மாமா.” புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். “மாமாவா! போங்க அண்ணாச்சி!”

“நீங்கள் பயப்படக் கூடாதே என்று…”

“பயப்படத்தானே வந்தேன்!”

சண்முகவடிவுக்குக் காதல் கதைதான் வேண்டும். அதில் குழப்பம் வராது என்று லிங்கம் நினைத்தார். அவளும் வாசித்தாள்.

“காதல். நாயகிக்கு முதலில் நாயகனைப் பிடிக்காது. அது நிலைக்காது. எண்பத்தோராம் பக்கத்தில் மழை. திருமணம் உறுதி.”

“திருமணம் நடக்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்குமே” என்றார் லிங்கம், மெல்ல.

“கல்யாணம் நடக்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்? மழை எப்போ வரும்னுல்லா நீக சொல்லிட்டீக! இனி எண்பதாம் பக்கத்துலயே குடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்.”

ஆறு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் வைத்தார்கள். ஒன்றுகூடப் போகவில்லை.

ஆவுடையப்பன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். “சரி, அண்டா தூக்குத ஆளை வரச் சொல்லுதேன்.”

லிங்கம் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“முடிவு தெரியாமல்தானே மனசு கிடந்து அலைகிறது? நான் முடிவைச் சொன்னேன். அலைய வேண்டாம் என்று சொன்னேன். இதில் என்ன பிழை?”

“முப்பத்தெட்டும் படிச்சீங்களே, எப்படி இருந்துச்சு?”

“எல்லாம் சரியாக இருந்தது, அம்மா. இரண்டில் மட்டும் பக்க எண் தவறு.”

அம்மா தரையில் உட்கார்ந்தார். பெண்களும் உட்கார்ந்தார்கள். வாசல் வரை போன ஆவுடையப்பன் அங்கேயே நின்றார்.

“ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மடம்” என்று தொடங்கினார் அம்மா. “அங்கே உள் அறையில் ஒரு பானை. பானை நிறையக் கருப்பட்டி. வாயைத் துணியால கட்டி, முடிச்சுப் போட்டு வச்சிருந்தாங்க. ஆனா தினமும் ஒரு கருப்பட்டி குறைஞ்சது.”

“சமையல்காரி” என்றாள் பாக்கியத்தாய்.

“சமையல்காரிக்குச் சர்க்கரை வியாதி.”

“அப்போ கண்டிப்பா அவதான்.”

“ஏட்டி, சும்மா கேளு” என்று அவளைக் கிள்ளினாள் சண்முகவடிவு.

“அறை வாசல்ல ஒரு காவல்காரன் படுப்பான். பகல்ல தூங்குவான். பக்கத்து அறையில் ஒரு பக்தர். காசியிலிருந்து வந்தவர். ஒரு வேளைதான் சாப்பாடு. ஆனா நாளுக்கு நாள் வயிறு மட்டும் பெருத்துக்கிட்டே வந்தது.”

“பக்தர்!” என்றார்கள் நாலு பேர்.

“அவசரப்படாதீங்க” என்றார் லிங்கம். அவருடைய குரல் அவருக்கே புதிதாக இருந்தது. எப்போது தரையில் உட்கார்ந்தார் என்றும் தெரியவில்லை. “முடிச்சு எப்படி இருந்தது, அம்மா? அறுத்திருந்ததா, அவிழ்த்திருந்ததா?”

“நல்ல கேள்வி. போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது.”

“அப்படியென்றால் முடிச்சுப் போடத் தெரிந்தவன். காவல்காரன்தான்! அவன் முன்பு படகில் வேலை பார்த்தானா?”

“பார்த்தான்.”

“பார்த்தீர்களா!” லிங்கம் தொடையில் தட்டினார்.

“மடத்துத் தலைவர் பார்த்தார். கடைசியில் பானையில் ஒரே ஒரு கருப்பட்டிதான் மிச்சம். விடியும் முன்னால போய் விறகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டார். வெளிச்சம் வந்தது. கதவு மெல்லத் திறந்தது. ஒரு கால் உள்ளே வந்தது.”

அம்மா நிறுத்தினார். லிங்கத்தின் பக்கம் குனிந்தார்.

“அண்ணாச்சி, நீங்க அலைய வேண்டாம். யாருன்னு உங்க காதுல மட்டும் சொல்லிடுறேன்.”

“வேண்டாம்!”

லிங்கம் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். அறுபத்தாறு வயது மனிதர், கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, “வரிசையாகச் சொல்லுங்க, அம்மா, வரிசையாகச் சொல்லுங்க” என்றார்.

பாக்கியத்தாய் சிரித்த சிரிப்பில் பூனை எழுந்து வெளியே போயிற்று.

அவர் காதிலிருந்து கையை எடுக்கும்வரை அம்மா காத்திருந்தார்.

“வந்தவர் ரொம்ப நல்ல மனுஷர். பொய்யே சொல்லாதவர். தினமும் காலையில் பானையைச் சோதிக்கிற பொறுப்பு அவருக்கு. கையைக் கழுவினார். முடிச்சை அவிழ்த்தார். கருப்பட்டியை எடுத்து மோந்து பார்த்தார். கெட்டுப் போயிருந்தால் மடத்துக்காரங்களுக்கு ஆகாதே. அதனால ஒரு ஓரத்தைக் கடிச்சுப் பார்த்தார். கடிச்சதைத் திரும்ப வைக்கலாமா? எச்சில். அதனால முழுசையும் தின்னார். முடிச்சைப் போட்டார். விறகுக்குப் பின்னால இருந்து எழுந்த தலைவர்கிட்ட, ‘கருப்பட்டி நல்லா இருக்கு. ஆனா ஒன்று குறையுது’ன்னு சொன்னார்.”

அறை வெடித்தது. மைதீன் பாத்துக்குப் புரை ஏறியது. வாசலில் ஆவுடையப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தவர் லிங்கம். காவல்காரன் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லித் தோற்றதில் அவருக்கு ஏனோ அத்தனை சந்தோஷம்.

பிறகு அவர் சிரிப்பு மட்டும் நின்றது. அலமாரியைப் பார்த்தார்.

“வேண்டுமென்று செய்யவில்லையே, அம்மா, அவர்?”

“இல்லை.”

“ருசித்தாவது தின்றாரா?”

“எங்கே? சோதிச்சார்.”

லிங்கம் எழுந்தார். சமையற்கட்டுக்குப் போனார். மைதா மாவைக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் பசையோடு வந்தார். மிச்சமிருந்த பழுப்புக் காகிதத்தைத் துண்டு துண்டாக நறுக்கினார். முதல் புத்தகத்தைத் திறந்து, தான் எழுதியதன் மேல் ஒட்டினார்.

“இப்படி ஒட்டினா பொங்கல் வந்துரும், அண்ணாச்சி” என்று பாக்கியத்தாய் பசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாள் முழுக்கப் பீடி சுற்றுகிற விரல்கள். ஆறு பேரும் முகட்டைப் பார்த்தபடியே ஒட்டினார்கள். கண் கீழே போனால் கொலைகாரன் தெரிந்துவிடும். ஒருத்தியின் கண் மட்டும் போய்விட்டது. “ஐயோ, தம்பியா!” என்றாள். அடுத்த புத்தகத்துக்கு அவளே சேலைத் தலைப்பால் கண்ணைக் கட்டிக்கொண்டாள்.

சத்தமாக வாசித்த மூன்று நாவல்களை லிங்கம் தனியே எடுத்து வைத்தார். அவை கேட்காத காதுகளுக்கு.

ஒட்டி முடித்ததும் வேறொரு சங்கடம் வந்தது. முப்பத்தெட்டும் ஒரே பழுப்பு அட்டை. படம் இல்லை, பெயர் இல்லை. முதல் பக்கத்திலும் ஒன்றும் இல்லை.

“எதுன்னு எடுக்க?” என்றாள் மைதீன் பாத்து.

“அண்ணாச்சி எடுத்துத் தருவார்” என்றார் அம்மா. “எல்லாத்தையும் படிச்சவர் அவர் ஒருத்தர்தான்.”

லிங்கம் ஒரு நாவலை எடுத்து, நடுவில் ஒரு வரி பார்த்து எது என்று தெரிந்துகொண்டார். நீட்டினார். “இது…” என்று வாயைத் திறந்தார். உள்ளே இருப்பது அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. வாயை மூடினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் சொல்லி அனுப்பிய வண்டி அண்டாக்களோடு வெளியே வந்து நிற்கும் சத்தமும் கேட்டது.

முப்பத்திரண்டு வருடத்தில் அவர் ஒட்டிய சீட்டுகள் எல்லாமே உள்ளே இருப்பதைச் சொன்னவை அல்ல. இன்னொரு வகைச் சீட்டும் உண்டு. ‘உடையும்.’ ‘நனையக் கூடாது.’ ‘கவனமாகக் கையாளவும்.’ பிரிக்காமலே சொல்லக்கூடியவை.

லிங்கம் தொண்டையைச் செருமினார்.

“இதை அடுப்பில் பால் இருக்கும்போது படிக்கக் கூடாது” என்றார்.

பாக்கியத்தாய் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

“இது, வீட்டில் தனியாக இருக்கும்போது திறக்க வேண்டாம்.”

“எனக்கு!” என்றாள் மைதீன் பாத்து. “எங்க வீட்டுல அவுக வெளியூரு. இன்னைக்கே திறக்கேன்.”

சண்முகவடிவுக்கு லிங்கம் கொஞ்சம் யோசித்தார். ஒன்றை எடுத்தார், திரும்ப வைத்தார், இன்னொன்றை எடுத்தார். “இது உடையும். சேலைத் தலைப்பு போதாது. பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.”

“கடைசியில சேர்ந்திருவாங்கல்லா?”

லிங்கம் உதட்டை இறுக்கினார். சொல்லவில்லை. அவள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பார்சல் ஆபீசின் மர மேசைகூட அதைவிட அதிகமாகச் சொல்லியிருக்கும்.

“தேறிட்டீக, அண்ணாச்சி” என்றாள்.

ஆறு பேருக்கு ஆறு. வீட்டில் இருக்கும் மைனிக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, முட்டுவலி என்று படுத்திருக்கும் மாமியாருக்கு ஒன்று. அது நான்கு. ஆகப் பத்து.

ஆவுடையப்பன் உள்ளே வந்தார். “பத்துதானே. பாதி ஆகலையே.”

“உங்களுக்கு ஒன்று தரட்டுமா?” என்றார் லிங்கம்.

“எனக்கு எதுக்கு இதெல்லாம்?”

“உங்களுக்கு ஆகாதுதான். இதைப் பாதியில் வைக்க முடியாது. வேலை கெட்டுவிடும்.”

ஆவுடையப்பன் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். “அப்படி என்னதான் இருக்கு இதுல” என்று கோபமாக வாங்கிக்கொண்டு, வாசல்படியில் போய் உட்கார்ந்தார்.

பெண்கள் போய் அரை மணி நேரம் ஆகியிருக்காது. கீழத்தெரு வந்தது. ‘பால் வச்சுக்கிட்டுப் படிக்கக் கூடாத புத்தகம்’ கேட்டு ஒருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நால்வர். தனியாகத் திறக்கக் கூடாதது வேண்டும் என்றும், அதைவிடப் பயங்கரமானது வேண்டும் என்றும் கேட்டார்கள். புதிதாய்க் கல்யாணமான ஒருத்தி சண்டை அதிகம் வருகிற காதலாகக் கேட்டாள். லிங்கம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார், எடுத்தார், எச்சரித்தார், கொடுத்தார். அவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. “மாடிப்படியில் நின்று படிக்க வேண்டாம்!” “சாப்பிடும்போது ஐம்பதாம் பக்கத்தைத் தாண்ட வேண்டாம்!” வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் கை தட்டினார்கள்.

அண்டா தூக்க வந்த ஆள் வாசலில் நின்றான்.

“மொதலாளி, அண்டாவை எங்கே இறக்க?”

ஆவுடையப்பன் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. “சும்மா இரு. இப்பத்தான் போலீஸ் வந்திருக்கு.”

அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வரிசையில் போய் நின்றுகொண்டான். பத்தொன்பதாவது புத்தகம் அவனுக்குத்தான் போயிற்று.

லிங்கம் அதை அவன் கையில் வைத்தபோது அறையே ஆரவாரித்தது. அண்டாக்கள் வந்த வண்டியிலேயே திரும்பின. ஆவுடையப்பன் பாத்திர அறைக்கு ஓடு வாங்கித் தருவதாகப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

விளக்கு வைக்கும் மணி அடிப்பதற்குள் இன்னும் ஏழு போயின. ஆட்கள் போனார்கள். அம்மாவும் ஒரு நாவலைத் தானே எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். லிங்கம் எச்சரிக்க வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி வேண்டாம் என்றார்.

லிங்கம் அலமாரியை இரண்டு தடவை எண்ணினார். பிறகு அம்மாவின் அருகில் வந்து நின்றார்.

“அம்மா.”

“ம்.”

“இவர்கள் இரண்டு நாளில் படித்து முடித்துவிடுவார்கள். முடிவு தெரிந்துவிடும். அப்புறம்?”

“அலமாரியில் எத்தனை இருக்கு?”

“பதினொன்று.”

அம்மா பக்கத்தைப் புரட்டினார்.

“போதாது, அண்ணாச்சி.”