கொம்பையாவின் இருமல் தளவாய்க்குப் போன கதை

மந்தனேரிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அப்படியே கேட்டு நடப்பார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டங்கள் எல்லாம் இந்தக் குணத்தால்தான் வந்தன.

அந்த ஊரிலிருந்து நாலு பேர் ஒரு கல்யாணத்துக்காக லண்டன் போனார்கள். தலைமை நல்லபெருமாள் அண்ணாச்சி. அவர் பின்னால் தளவாய், ஆவுடை, கொம்பையா. கல்யாணம் நன்றாக நடந்தது. மறுநாள் காலையில் கொம்பையா இருமிக்கொண்டே எழுந்தார்.

இருமல்தானே என்று விட்டுவிட முடியாது. ஊரில் அவர் தங்கை சொர்ணத்தின் பிள்ளை வடிவுக்குக் காதுகுத்து வைத்திருந்தது. இவர்கள் போய் இறங்கிய மறுநாளே விசேஷம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். கொம்பையாவை விட்டால் வேறு மாமன் கிடையாது.

சொர்ணம் போனில் இருமலைக் கேட்டாள்.

"அண்ணே, என்ன இப்படி இருமுதீங்க? மடி ஆடினா காதுல குத்துறது கன்னத்துல போயிரும்னு ஆசாரி சொல்லிட்டாரு. இருமலோட வந்தா அவரு ஊசியவே எடுக்க மாட்டாராம். விசேஷம் நின்னுச்சுன்னா எங்க மாமியா வாய்க்கு நான்தான் பதில் சொல்லணும்."

கொம்பையா பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

தங்கியிருந்த வீட்டுக்காரி செண்பகம், அண்ணாச்சியின் தங்கை மகள். இரண்டு ராத்திரி கழித்தும் இருமல் நிற்காததால், நாலு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் குடும்பம் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் விட்டாள். "மாமா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு. உள்ளே நிறைய நம்ம ஆளுங்கதான், தமிழ்லேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதுல போட்டிருக்கிறபடி நடந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுவரில் ஒட்டியிருந்ததை அண்ணாச்சி சத்தமாக வாசித்தார்.

"ஒரு சந்திப்பில் ஒருவர் ஒரு நோயைப் பற்றி மட்டுமே பேசவும்."

நாலு பேரும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். யோசனை ஆரம்பமாயிற்று.

"மாப்ள, உனக்கு எத்தனை நோய் இருக்கு? மறைக்காமச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

"இருமல் இருக்கு அண்ணாச்சி. இடுப்பு வலி இருக்கு. இடது கால்ல ஆணி இருக்கு."

"பார்த்தியா, அளவுக்கு மீறி வச்சிருக்க. இந்த ஊர்ல ஆளுக்கு ஒண்ணுதான்."

"அப்ப மீதியை என்ன பண்றது?" என்றார் ஆவுடை. "பெட்டி எடை கூடினப்ப ஏர்போர்ட்ல என்ன பண்ணோம்? உங்க பருப்புப்பொடியை எடுத்து என் பெட்டியில வச்சோம்ல?"

அண்ணாச்சி ஆவுடையை மதிப்போடு பார்த்தார். பிறகு நோய்களைப் பிரித்துக் கொடுத்தார்.

"இருமல்தான் முக்கியம். அதைக் கெட்டியான ஆள்கிட்டக் குடுக்கணும். தளவாய், நீ எடுத்துக்க. ஆவுடை, உனக்கு இடுப்பு."

"எனக்கு அண்ணாச்சி?" என்றார் கொம்பையா, இருமலுக்கு நடுவே.

"நீ பாவம், நோயாளி. பெரிய நோயெல்லாம் உன் தலையில கட்டக் கூடாது. கால் ஆணியை வச்சுக்க."

முதலில் தளவாய் உள்ளே போனார். டாக்டர் மங்கையற்கரசி யாழ்ப்பாணத்து அம்மா. அன்பாக விசாரித்தார்.

"எத்தனை நாளா இருமல்?"

"கல்யாணத்துக்கு மறுநாள்ல இருந்து, டாக்டரம்மா."

"படுக்கேக்க கூடுதோ?"

"ரொம்பக் கூடுது. நாங்க நாலு பேரும் தூங்க முடியல."

டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தார். "நெஞ்சு துப்புரவா இருக்கு. ஒருக்கா இருமிக் காட்டுங்கோ."

தளவாய் முயன்று பார்த்தார். வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு வெளியே இருந்து நீளமாக ஓர் இருமல் கேட்டது.

"வெளியில ஆரோ இருமுகினம்" என்றார் டாக்டர்.

"அதே மாதிரிதான் டாக்டரம்மா. அச்சு அசல் அதேதான் எனக்கும்."

டாக்டர் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். "இது உங்களுக்கு மட்டும்தான். வேற ஆருக்கும் குடுக்கக் கூடாது. விளங்கிச்சோ?"

தளவாய் கையெடுத்துக் கும்பிட்டு, உயிரே போனாலும் கொடுக்க மாட்டேன் என்றார்.

அடுத்து ஆவுடை. அவரைக் குனிய வைத்து, நிமிர வைத்து, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார் டாக்டர். ஆவுடை எல்லாவற்றையும் சுறுசுறுப்பாகச் செய்தார்.

"எலும்பில ஒரு பிழையும் இல்லை. ஒரே இடத்தில இருக்கிறதுதான் கூடாது. நடந்துகொண்டே இருங்கோ."

ஆவுடை உடனே எழுந்து நடந்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்க நினைத்தபோது வாசலைத் தாண்டியிருந்தார்.

கடைசியில் கொம்பையா போனார். டாக்டர் கால் ஆணியைப் பார்த்து ஒரு பிளாஸ்திரி கொடுத்தார். கொம்பையா விடாமல் இருமினார்.

"உங்களுக்கும் இருமலோ?"

"இல்ல டாக்டரம்மா. அது தளவாய் பேர்ல ஆயிருச்சு. எனக்குக் கால் ஆணி மட்டும்தான்."

டாக்டர் மறுபடியும் குழாயைக் கையில் எடுத்தார். பிறகு, "நீங்கள் எனக்கு முன்னால இருக்கேக்க, அந்த இருமலையும் பார்த்துவிடட்டோ?" என்றார்.

"வேண்டாம் டாக்டரம்மா. வெளியூர்ல வந்து சட்டத்தை மீறக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லியிருக்காக" என்று கொம்பையா எழுந்துவிட்டார்.

மருந்து அருமையான மருந்து. அன்றிலிருந்து தளவாய் ஒரு தடவைகூட இருமவில்லை. விமானத்தில் மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டுக் குழந்தைபோலத் தூங்கினார். பக்கத்தில் கொம்பையா முன் சீட்டு ஆடும்படி இருமினார். ஆவுடை உட்காரவே இல்லை. லண்டனிலிருந்து சென்னை வரைக்கும் பெரும்பாலும் நடந்தே வந்தார்.

அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"தளவாய், இருமல் உன்கிட்ட வந்து குணமும் ஆயிருச்சு. அப்ப இவன் இருமுறது என்னது?"

தளவாய் அரைத் தூக்கத்தில் யோசித்தார். "அது இருமல் இல்ல அண்ணாச்சி. பழக்கம்."

அதற்குப் பிறகு யாருக்கும் கவலை இல்லை.

காதுகுத்து அன்று குலதெய்வக் கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. கொம்பையா புது வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்தார். கால் ஆணி நன்றாக ஆறியிருந்தது. வடிவை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியைக் கொண்டுபோனார். கொம்பையா இருமினார். பிள்ளை ஒரு சாண் உயர எழும்பி இறங்கியது. அதற்கு அது பிடித்துப் போய், இன்னொரு தடவை என்பதுபோல் சிரித்தது.

ஆசாரி ஊசியைத் தட்டில் போட்டார். "இந்த மடியில நான் குத்த மாட்டேன்."

"வேற மடியில நான் குத்த விட மாட்டேன்" என்றாள் மாமியார்.

சொர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, லண்டன் டாக்டரைப் பார்த்தும் இப்படியா?"

"அழாத தாயி" என்றார் அண்ணாச்சி. "அங்க கத்துக்கிட்டு வந்ததே இதுக்குத்தான். பிள்ளை மாமன் மடியிலேயே இருக்கட்டும். காதை மட்டும் ஆட்டமில்லாத ஆளுகளுக்கு மாத்திக் குடுத்துருவோம். தளவாய், உனக்கு வலது காது. ஆவுடை, உனக்கு இடது."

மாமியார் கொஞ்சம் யோசித்து, மடி மாறவில்லை என்பதால் சம்மதித்தாள். ஆசாரி மந்தனேரிக்குப் பலமுறை வந்துபோனவர். அவர் தட்டிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டார்.

தளவாயின் வலது காது சுலபமாக முடிந்தது. "ஐயோ" என்று ஒரே ஒரு சத்தம். ஆவுடை நடந்துகொண்டே இருந்ததால், ஆசாரி ஊசியோடு கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி, நாலாவது சுற்றில் பிள்ளையார் சந்நிதிக்குப் பக்கத்தில் வைத்துக் குத்தினார். மாமன் மடியில் வடிவு கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை காதுகுத்து பார்த்திருக்கேன். பிள்ளை அழாத காதுகுத்தை இன்னைக்குத்தான் பார்க்கேன்" என்று மாமியாரே வாய்விட்டுச் சொன்னாள். சொர்ணத்துக்குப் போன உயிர் வந்தது.

சாயங்காலம் சொர்ணம் மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் குழைத்துக்கொண்டு வந்து, "இதை யாருக்குப் போடணும் அண்ணாச்சி?" என்று கேட்டாள். தளவாய்க்குக் காது வடை அளவுக்கு வீங்கியிருந்தது. அவர் ஆசையோடு தலையைச் சாய்த்துக் காட்டினார்.

"பிள்ளைக்குத்தான் போடணும். காது அவளோடதுல்லா?" என்றார் அண்ணாச்சி.

வடிவின் இரண்டு காதுக்கும் பதமாகப் போட்டுவிட்டாள். காலையில் துடைத்துப் பார்த்தால் புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை, குத்திய தடமே இல்லை.

"பார்த்தியா?" என்றார் அண்ணாச்சி. "ஒரே ராத்திரியில ஆறிப்போச்சு."

கொம்பையா ஆமாம் என்று இருமினார்.