கம்பு நுனியில் சுண்ணாம்பு

எஸ்தர் மாஸ்டரிடம் கேள்வி கேட்டால் வாய் பதில் சொல்லாது, கம்புதான் சொல்லும். அவளுக்கு முப்பது வயது. அவளுடைய சிலம்ப வகுப்பிலேயே மூத்த மாணவி பொற்கொடி. வயது நாற்பத்தாறு.

பொற்கொடியின் அம்மாவை மார்பகப் புற்றுநோய் கொண்டுபோனது. போன வருஷம் அக்காவையும் கொண்டுபோனது. "தினமும் உடம்பு வியர்க்கட்டும்மா, ஆபத்து குறையும். பரிசோதனைக்கும் தவறாம வந்துடுங்க" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கம்பெடுத்தாள். நன்றாகவும் சுற்றினாள்.

அன்று காலை மைதானத்துக்கு வந்ததும் கம்பைக் கீழே போட்டாள்.

"நான் இதோட நின்னுக்கிறேன் மாஸ்டர்."

"என்னக்கா ஆச்சு?"

"எங்க தெருவுல ஒருத்தி, தினம் ஓடுறவ. அவளுக்கே வந்துடுச்சாம்! அப்புறம் நான் எதுக்கு இந்த வயசுல குதிக்கணும்? எனக்கு வராதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாதுக்கா."

பொற்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. பயம்தான், வேறென்ன.

போட்டியில் யார் யாரைத் தொட்டார்கள் என்று தெரிவதற்காகக் கம்பு நுனியில் சுண்ணாம்புப் பொடி தடவுவார்கள். எஸ்தர் தன் கம்பில் தடவிக்கொண்டாள்.

"வெறுங்கையோட நில்லுங்க."

கம்பு சுழன்றது. தோள், விலா, முதுகு, தொடை. அடி வலிக்கவில்லை, ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் கறுப்புச் சட்டை முழுக்க வெள்ளை.

"அய்யய்யோ, இது என்ன மாஸ்டர்!"

எஸ்தர் துண்டால் எல்லாவற்றையும் தட்டிவிட்டாள். மறுபடி பொடி தடவினாள்.

"இப்ப கம்பை எடுங்க."

இந்த முறை அவள் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. மேலும் கீழுமாக விளாசினாள். பொற்கொடி தடுத்தாள், விலகினாள், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தடுத்தாள். கம்பும் கம்பும் மோதிய சத்தத்தில் மைதானமே திரும்பிப் பார்த்தது. "விடாதீங்கக்கா!" என்று கூட இருந்தவர்கள் கத்தினார்கள். எஸ்தருக்கே மூச்சு வாங்கிய பிறகுதான் ஆட்டம் நின்றது.

பொற்கொடி குனிந்து பார்த்தாள். சட்டையில், இடது தோளில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு.

"பாருங்க மாஸ்டர், ஒண்ணு பட்டுடுச்சே."

எஸ்தர் மூச்சிரைக்கச் சிரித்தாள்.

"ஆமாக்கா, பட்டுடுச்சு. நான் வீசினதுல மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

பொற்கொடி தன் கம்பைப் பார்த்தாள், நெடுக வெள்ளை. கால் மாற்றி, கம்பை உயர்த்தி, அடுத்த ஆட்டத்துக்கு நின்றாள்.