எந்த 'வருகிறேன்'?

முன்னொரு காலத்தில் மஞ்சளூர் நாட்டை அசகாயசூர பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பெயர்தான் அசகாயசூரன்; பல்லி கத்தினால் சபையைக் கலைத்துவிடுவான். பக்கத்து நாட்டு ராஜா செங்கோடன் அனுப்பிய பலாப்பழத்தில் சுளை குறைவு என்று அவன்மேல் படையெடுத்தான். கூடவே ஒரு கட்டளையும் போட்டான்: "போர் முடியும்வரை அபசகுனப் பேச்சு கூடாது. 'தோல்வி' என்று சொல்கிறவனை மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றுவேன்!"

அன்றிலிருந்து அரசவையில் வெற்றிக்குக் குறைவே இல்லை. போர்க்களத்தில்தான் வெற்றி இல்லை.

"நம் படை எங்கே நிற்கிறது, தளவாய்?" என்று ராஜா கேட்பான்.

தளவாய் மார்த்தாண்டன் மீசையை நீவிக்கொண்டு, "நம் தலைநகரை நோக்கி வேகமாக முன்னேறுகிறது, மகாராஜா!" என்பான்.

"ஆற்றங்கரைக் கோட்டை?"

"கூட்டிப் பெருக்கி வைக்கச் சொல்லி எதிரியிடம் ஒப்படைத்திருக்கிறோம்!"

சபையே கைதட்டும். மந்திரி ஆதிமூலம் மட்டும் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சும்மா இருப்பார். வாயைத் திறந்தால் வாசலில் கழுதை தயார். தளவாய் அவர்மேல் இருந்த பொறாமையில், அந்தக் கழுதையைத் தினமும் தானே குளிப்பாட்டி வைத்திருந்தான்.

ஒருநாள் செங்கோடனின் தூதன் வந்தான். "எங்கள் ராஜா, 'நாளைக் காலையில் வருகிறேன்' என்று சொல்லச் சொன்னார்" என்றான், போய்விட்டான்.

சபை வெலவெலத்துப் போயிற்று. தளவாய்க்கு வியர்த்துக் கொட்டினாலும் நாக்கு மட்டும் சளைக்கவில்லை.

"வெற்றி, மகாராஜா! வீட்டுக்குக் கிளம்புகிறவன் 'போகிறேன்' என்றா சொல்வான்? அது அபசகுனமாயிற்றே! 'வருகிறேன்' என்றுதானே சொல்வான்? செங்கோடன் நம்மிடம் விடைபெறுகிறான்!"

"அட, ஆமாம்!" ராஜா துள்ளிக் குதித்தான். "கோட்டைக் கதவைத் திறந்து போடுங்கள்! காவலர்களுக்கு விடுமுறை! ஊருக்கே பாயசம்!"

ஆதிமூலம் யோசித்துப் பார்த்தார். கதவு திறந்து கிடக்க, ஊர் பாயசம் குடித்துக்கொண்டிருக்க, எதிரி உள்ளே நுழைந்தால் பெண்டு பிள்ளைகளின் கதி என்ன? வெற்றிலையை விழுங்கிவிட்டு எழுந்தார்.

"தளவாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மகாராஜா. ஆனால் விடைபெறுகிறவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? தாம்பூலம் கொடுக்க வேண்டாமா?"

"பேஷ்! யாரை அனுப்பலாம்?"

"வெற்றி தேடித் தந்தவர் இருக்க வேறு ஆள் எதற்கு? தளவாயே தட்டேந்திப் போகட்டும். விருந்தாளியை வழியனுப்பக் கத்தியும் கேடயமும் வேண்டுமா? பட்டு வேட்டி போதும். தனியாகவே போகலாம்."

தளவாயின் மீசை தொங்கிவிட்டது. "மகாராஜா, இன்றைக்குச் சூலம் அந்தத் திசையில்..."

"பரிகாரம் செய்துகொள். கிளம்பு!"

"வெயில் வேறு..."

"குடை தருகிறேன். கிளம்பு!"

தட்டைக் கையில் கொடுத்தார்கள். அடுத்த நிமிஷம் தளவாய் தட்டோடு ராஜாவின் காலில் விழுந்தான்.

"மகாராஜா! அவன் சொன்னது போகிற 'வருகிறேன்' இல்லை, வருகிற 'வருகிறேன்'! கோட்டையெல்லாம் போயிற்று! தோற்றுவிட்டோம்!"

"இதை ஏன் யாரும் முன்பே சொல்லவில்லை?" என்று ராஜா உறுமினான்.

"உண்மை வந்துதான் பார்த்தது, மகாராஜா" என்றார் ஆதிமூலம். "வாசலில் கழுதை நின்றது. திரும்பிப் போய்விட்டது."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. "இப்போது என்ன செய்யலாம்?" என்று மெதுவாகக் கேட்டான். இந்தப் போரில் அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி அதுதான்.

"முதலில் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். தாம்பூலம் வழியனுப்ப மட்டுமா? மாற்றிக்கொண்டால் அதுவே உடன்பாடு. ஆற்றங்கரைக் கோட்டை அவனுக்கே போகட்டும். பலாப்பழத்துக்கு மன்னிப்பும் கேட்டுவிடுவோம். ஊர் பிழைக்கும்."

"தட்டை எடுத்துக்கொண்டு நானே போகிறேன்" என்றான் ராஜா. ராஜா வாயால் 'போகிறேன்' என்று கேட்ட அரண்மனை ஜோசியர் காதைப் பொத்திக்கொண்டார்.

தன் பாசறைக்கே வந்த ராஜா சொன்ன கதையைக் கேட்டுச் செங்கோடன் வயிறு குலுங்கச் சிரித்தான். தாம்பூலம் மாற்றிக்கொண்டு குதிரையேறி, "சரி, வருகிறேன்" என்றான்.

அசகாயசூரன் பாய்ந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, தெளிவாகச் சொல்லும். வந்தே விடுகிறீரா, போய் வருகிறீரா?"

"போய்த்தான் ஐயா!"

ஊர் திரும்பியதும் ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி ஆதிமூலத்தின் கழுத்தில் போட்டான். தளவாயைக் கூப்பிட்டான். "தோற்றோம் என்று சொன்னதற்கு உன்னை மன்னித்தேன். வென்றோம் என்று சொன்னதற்கு ஏறு!" என்றான். நன்றாகக் குளித்த கழுதை அவனைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றிவந்தது.

இன்றைக்கும் மஞ்சளூரில் யாராவது 'வருகிறேன்' என்றால், எந்த 'வருகிறேன்' என்று கேட்டுக்கொண்டுதான் பாயசத்துக்கு உலை வைக்கிறார்களாம்.