கல் காளையின் வாய்

முதலில் சத்தம்தான் வந்தது. அடைத்த தொண்டையிலிருந்து வருவதுபோல, பாதி இருமல், பாதி முனகல். ஆற்றுப் பக்கத்திலிருந்து.

"என்ன அது?" என்றார் குரு. மூன்று மாத யாத்திரை முடித்து அன்று காலைதான் நாவல்துறை மடத்துக்குத் திரும்பியிருந்தார்.

"ஏதாவது மாடு இருமியிருக்கும் சாமி," என்றார் பிரமநாயகம். குருவைவிட இருபது வயது மூத்த சீடர். தாசில்தார் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். "அதை விடுங்க. படித்துறை மண்டபத்துக்கு ஒரு பலகை எழுதுறேன். நானூறு வருசத்துக் கட்டடம். கல்வெட்டுல கட்டினவன் பேரு மட்டும் சிதைஞ்சு போச்சு. யாரு பேரைப் போடட்டும்?"

"மண்டபம் எப்படி இருக்கு?"

"இப்பத்தான் மண்டபமா இருக்கு! துணி துவைக்கிறவங்க, சீட்டாடுறவங்க எல்லாரையும் விரட்டிட்டேன். கம்பிக் கதவு போட்டுப் பூட்டி இருபது நாளாச்சு. அந்த டீக்கடை சுடலி இருக்காளே, அங்க இருக்கிற கல் காளையோட வாய்க்குள்ள தினம் காலையில விளக்குமாத்துக் குச்சியை விட்டுக் குடையுறா சாமி! கையும் களவுமாப் பிடிச்சு..."

குரு எழுந்துவிட்டிருந்தார். "சாவி எங்க?"

"இடுப்புலதான்..."

"ஓடி வாங்க!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குரு ஓடினார். மூச்சிரைக்கப் பின்னால் ஓடிய பிரமநாயகத்திடம் திரும்பாமலே கத்தினார்: "இருமினது உங்க கல் காளைதான்! ஆறு ஏறினா அடியில இருக்கிற குழாய்ல தண்ணி புகும். காத்து காளை வாய் வழியா வெளிய வந்து ஊதும். ஊரே கேக்கும்!"

மலையில் பெய்திருக்க வேண்டும். இங்கே நல்ல வெயில். ஆற்றில் தண்ணீர் மட்டும் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. நடு ஆற்று மணல்திட்டில் ஒன்பது பெண்கள் குனிந்து துவைத்துக்கொண்டிருந்தார்கள். படித்துறை பூட்டிக் கிடந்ததால் திட்டுக்குப் போயிருந்தார்கள். சுடலியும் அங்கேதான்.

குரு கூப்பிட்டார். துவைக்கிற சத்தத்தில் ஒருத்திக்கும் கேட்கவில்லை.

பிரமநாயகம் கம்பிக் கதவின் பூட்டைப் பிடித்தார். மூன்றாம் முறையில்தான் சாவி பூட்டுக்குள் போயிற்று.

குரு டீக்கடை விளக்குமாற்றிலிருந்து ஒரு பிடி குச்சியை உருவி வந்து காளையின் வாய்க்குள் குத்தினார். காய்ந்த மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. குளவிக் கூடு. ஒரு குளவி அவர் கன்னத்தில் கொட்டியது.

"இன்னொரு குச்சி! சீக்கிரம்!"

காளை ஊதியது.

தூண்கள் அதிர்ந்தன. மண்டபத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. திட்டில் ஒன்பது தலைகள் ஒரே சமயம் நிமிர்ந்தன.

"ஏட்டி, ஊதுது! துணியை விடு, ஏறு, ஏறு!"

முதலில் வந்தவர்களுக்கு முழங்கால் தண்ணீர். கடைசியில் வந்த சுடலிக்கு நெஞ்சளவு. பிரமநாயகம் படியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு கையாகப் பிடித்து இழுத்தார். சுடலி ஏறித் திரும்பிப் பார்த்தபோது திட்டைக் காணவில்லை.

அவள் மூச்சு வாங்கினாள். திறந்து கிடந்த கம்பிக் கதவைப் பார்த்தாள்.

"என்ன ஆபீசரய்யா, தொறந்துட்டீங்க? காளைக்கு வாய் வலிக்காதா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி அழுதாள்.

"எதுக்குக் குடையுறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சுடலி," என்றார் பிரமநாயகம்.

"எங்க சொல்ல விட்டீங்க? நீங்க போட்ட சத்தத்துல காளையே வாயை மூடிட்டுது."

பிரமநாயகம் ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்துவிட்டார்.

குரு வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "சுடலியம்மா, உங்களுக்கு முன்னாடி யாரு குடைஞ்சது?"

"எங்க மாமியா சாமி. ஆவுடை."

"அவங்களுக்கு முன்னாடி?"

"அவ மாமியா. சீதேவின்னு சொல்வாங்க. அதுக்கு முந்தி யாரோ. யாரு கண்டா?"

குரு சீடரின் பக்கம் திரும்பினார்.

"பலகைக்குக் கட்டினவங்க பேரு கேட்டீங்களே. இந்தப் பேருகளை எழுதிக்கோங்க."

பிரமநாயகம் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடினார்.

மறுநாள் காலை சுடலி அடுப்பில் பாலை வைத்தாள். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவினாள்.

"ஆபீசரய்யா, பால் பொங்கிராம பாத்துக்கோங்க."

அவள் மண்டபத்துக்குள் போனாள். பிரமநாயகம் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.